மணல் மூட்டை வேண்டாம், டயரில் ஆரம்பியுங்கள்: பிக்கப் டிரக்கைச் சுழலாமல் கிளப்புவது பற்றி

ஒரு வாசகர் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003 ஷெவர்லே சில்வராடோ, சிங்கிள் கேப், குட்டை பெட் (பின்னால் இருக்கும் சரக்குப் பெட்டி), பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. 5.3 எஞ்சினை எடுத்துவிட்டு கேம் மாற்றிய 6.0 லிட்டர் எஞ்சின் வைத்திருக்கிறார். கியர்பாக்ஸ் வண்டியோடு வந்த 4எல்60இ ஆட்டோமேட்டிக், பின் ஆக்சிலில் 3.73 விகித கியர். ஃப்ளிப் கிட் (ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங்குக்கு மேலே மாற்றும் பொருத்து) போட்டுத் தாழ்த்தியிருக்கிறார், 20 இஞ்ச் வீல், சாதாரண ரோட்டு டயர். வார நாளில் வேலைக்குப் போகும் வண்டி, வாரக்கடைசியில் டிராக் ஸ்ட்ரிப் (கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத் தடம்). பச்சை விளக்கு விழுந்ததும் டயர் புகைகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, முதல் 60 அடிக்கு 2.3 நொடி ஆகிறது. பெட்டில் 100 கிலோ மணல் மூட்டை போட்டால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். போடலாமா, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

போட வேண்டாம். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும், அந்தக் கணக்கே மிச்சப் பதிலுக்கும் அடிப்படை, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காலி பிக்கப்பில் எஞ்சின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாம் முன்பக்கம், பின்னால் வெறும் தகரப் பெட்டி. ஆளோடு சேர்த்து 2,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம், பின் ஆக்சிலில் அதில் 41 சதவீதம், அதாவது சுமார் 840 கிலோ. உங்கள் வண்டியின் வீல்பேஸ் 119 இஞ்ச். எடை மையம் தரையிலிருந்து 28 இஞ்ச் உயரம் என்று எடுத்துக்கொள்கிறேன். வண்டி முன்னால் பாயும்போது கொஞ்சம் எடை பின்னுக்கு மாறும், அது வண்டி எடையில் எத்தனை பங்கு என்பதை மூன்றே விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன: எவ்வளவு வேகமாகப் பாய்கிறது, எடை மையத்தின் உயரம், வீல்பேஸின் நீளம். நல்ல ரோட்டு டயருக்கு உராய்வுக் குணகம் 1 என்று வைத்துப் போட்டால், கிளம்பும்போது பின்னால் சுமார் 1,100 கிலோ உட்காரும், 0.54 ஜி முடுக்கம் (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.54 பங்கு) கிடைக்கும். அதே வண்டியில் பிசின் அடித்த டிராக்கில் 1.4 குணகம் தரும் டயர் போட்டால் பின்னால் உட்காரும் எடை 1,250 கிலோவாகிறது, முடுக்கம் 0.85 ஜி. இதை 60 அடி நேரமாக மாற்றினால் முதலாவது சுமார் 2.3 நொடி, இரண்டாவது சுமார் 1.85. உங்கள் 2.3 இங்கேயே வந்துவிட்டது பாருங்கள்.

இப்போது மணல் மூட்டை. 100 கிலோவை நேராக ஆக்சில் மேல் வைத்தால் பழைய டயரிலேயே 0.54 ஜி என்பது 0.57 ஆகும், 60 அடியில் 0.07 நொடி மிச்சம். ஆனால் அந்த 100 கிலோவைக் கால் மைல் முழுக்க எஞ்சின் சுமக்க வேண்டும். 100 பவுண்டு எடைக்கு ஏறக்குறைய 0.1 நொடி என்பது டிராக்கில் எல்லோரும் சொல்லும் கணக்கு, அப்படியென்றால் 0.2 நொடி போய்விட்டது. இதற்கு மேல் பாதுகாப்பு வேறு இருக்கிறது. கட்டாத மூட்டை பெட்டில் கிடக்கும்போது வண்டி பக்கவாட்டில் இழுத்தால் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. டிராக்கில் பரிசோதனை செய்பவர்கள் அதை அனுமதிக்கவும் மாட்டார்கள், எடை என்று வைத்தால் போல்ட் போட்டு சேஸில் இறுக்கியிருக்க வேண்டும். எடையை இடம் மாற்றுவது வேறு விஷயம், அது இலவசம். பேட்டரியை பெட்டுக்குக் கொண்டுபோகலாம். பின்னால் அடியில் தொங்கும் ஸ்டெப்னியை அங்கேயே விட்டுவிடலாம், அது ஆக்சிலுக்கும் பின்னால் இருப்பதால் நல்ல இடத்தில் இருக்கும் எடை. எடை குறைக்கிறேன் என்று டெயில்கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், பின்சக்கரம் சுழலும் வண்டியில் அதைச் செய்யாதீர்கள்.

ஆக முதல் செலவு டயர்தான், அதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. 20 இஞ்ச் வீலில் டயரின் பக்கச்சுவர் மிக ஒல்லி. கிளம்பும் அதிர்ச்சியை வாங்கி மடங்கிக் கொடுக்க அதில் ரப்பரே இல்லை, அதிர்ச்சி முழுவதும் நேராகத் தரைக்குப் போகிறது, பிடி விட்டுவிடுகிறது. பின்னால் மட்டும் சின்ன வீல், உயரமான பக்கச்சுவர், டிராக் ரேடியல் (ரோட்டிலும் ஓட்டக்கூடிய, மென்மையான ரப்பர் போட்ட டிராக் டயர்). 275/60ஆர்15 அளவு டிராக்கில் மிகப் பிரபலம், உயரம் சுமார் 28 இஞ்ச் வரும். ஆனால் உங்கள் வண்டிக்குப் பின்னால் டிஸ்க் பிரேக், 15 இஞ்ச் வீல் காலிப்பரில் இடிக்க வாய்ப்பு அதிகம், வாங்கும் முன் அளந்து பாருங்கள். இடிக்கிறது என்றால் காலிப்பரைத் தேய்த்துக் குறைப்பதை விட 17 இஞ்சுக்குப் போய்விடுவது நல்லது. வேலைக்கு ஓட்டும் வண்டியின் பிரேக்கில் கை வைக்க வேண்டாம்.

ஸ்லிக்கா (வெட்டே இல்லாத பந்தய டயர்) ரேடியலா என்று அடுத்து கேட்பீர்கள். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போய் ஓட்டிக்கொண்டு திரும்புகிறீர்கள் என்றால் டிராக் ரேடியல். இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. ஸ்லிக் கொஞ்சம் சுழன்றாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும், ரேடியல் ஒருமுறை விட்டுவிட்டால் அந்த ஓட்டத்தில் திரும்பப் பிடிப்பது அரிது, காலை எடுத்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, டிராக் ரேடியலில் தண்ணீர் வெளியேறும் வெட்டுகள் குறைவு. திரும்பி வரும் வழியில் மழை பிடித்தால் ஹைவேயில் 60 மைல் வேகத்தில் வண்டி தண்ணீர் மேல் மிதந்துவிடும். மேகம் கறுத்திருந்தால் பழைய டயரை பெட்டில் போட்டுக்கொண்டு போங்கள், டிராக் பார்க்கிங்கிலேயே மாற்றிக்கொண்டு திரும்புங்கள். அந்த டயரோடு டிரெய்லர் இழுக்கவோ பெட் நிறைய பாரம் ஏற்றவோ கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காற்று. கார்க்காரர்கள் சொல்லும் 14, 15 பவுண்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வண்டி கனம். ரேடியலில் 20 பவுண்டில் ஆரம்பித்து ஓட்டத்துக்கு ஒரு பவுண்டாகக் குறைத்து 60 அடி நேரத்தைப் பாருங்கள், நேரம் திரும்பக் கூட ஆரம்பித்தால் ஒரு பவுண்டு மேலே ஏற்றி நிறுத்திவிடுங்கள். சாக்பீஸால் டயரின் அகலம் முழுக்க ஒரு கோடு போட்டுக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எங்கே தரையில் படுகிறது என்று தெரியும். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரத்திலும் அழிந்து நடுவில் நிற்கிறது என்றால் காற்று குறைவு, நடுப்பகுதி மேலே வளைந்துகொண்டிருக்கிறது. டயர் சூடாக இருக்கும்போது பார்த்த அளவையும் குளிர்ந்த அளவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், எப்போதும் ஒரே நேரத்தில், வரிசைக்குப் போவதற்கு முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பர்ன்அவுட், அதாவது கிளம்பும் முன் டயரைச் சுழற்றிச் சூடாக்குவது, பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. இப்போது நீங்கள் ஓட்டும் ரோட்டு டயரை தண்ணீர்ப் பெட்டிக்குள் (கோட்டுக்கு முன்னால் டயரை நனைக்க ஈரமாக்கிய இடம்) விடவே கூடாது. டயரின் வெட்டுகளுக்குள் தண்ணீர் ஏறிக்கொள்கிறது, ஃபெண்டருக்குள்ளும் தெளிக்கிறது, நீங்கள் கோட்டில் போய் நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது சொட்டுச் சொட்டாக டயருக்கு முன்னாலேயே விழுகிறது. பின்னால் வருகிறவருக்கும் அதே ஈரம். சுற்றிக்கொண்டு போய், உலர்ந்த இடத்தில் ஒட்டிய கல்லும் தூசியும் போகிற அளவுக்கு ஒரு சுழற்று சுழற்றினால் போதும். டிராக் ரேடியல் வந்த பிறகு தண்ணீரை லேசாகத் தொட்டு, அதை விட்டு வெளியே வந்து, மெல்லிய புகை கிளம்பும் வரை சுழற்றுங்கள். பெரிய புகை மேகம் படத்துக்கு அழகு, ரேடியலுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை.

சரி, இப்போது உங்கள் வண்டியில் நான் நிஜமாகவே சந்தேகப்படும் இடத்துக்கு வருகிறேன்: பின்னால் இருக்கும் பட்டை. லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கு வண்டியைத் தாங்குவது மட்டும் வேலை இல்லை, ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்துக்கொள்வதும் அதன் வேலை. எஞ்சின் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது அதே அளவு எதிர்விசை ஆக்சில் கூட்டைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கிறது. அதைத் தடுக்க அந்தப் பட்டையைத் தவிர வேறு எதுவுமே இல்லை. பினியன் மூக்கு (ஆக்சிலின் நடுவில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) மேலே ஏறுகிறது, பட்டையின் முன்பாதி மேலே வளைகிறது, பின்பாதி கீழே வளைகிறது, பட்டை பாம்பு போல நெளிந்து நிற்கிறது. அந்த நெளிவுக்குள் சேர்ந்த விசை டயர் பிடியை விட்ட அந்தக் கணமே வெளியே பாய்கிறது, ஆக்சில் படக்கென்று திரும்புகிறது, டயர் தரையில் மறுபடி அடிக்கிறது, பிடிக்கிறது, மறுபடி நெளிகிறது. நொடிக்குள் பலமுறை இது நடக்கும். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு யாரோ பெட்டைச் சம்மட்டியால் அடிப்பது போல இருக்கும். யூ ஜாயின்ட்டும் ஆக்சிலும் உடைவது பெரும்பாலும் இந்தத் துள்ளலில்தான்.

உங்களுக்கு இது நடக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம், பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சின்ன ஆக்‌ஷன் கேமரா ஒன்றை சேஸின் உள்பக்கம் ஆக்சிலைப் பார்த்து இறுக்கமாகக் கட்டுங்கள். பினியன் மூக்கில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி. ஒரு ஓட்டம் எடுத்துவிட்டு மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள். அந்தப் புள்ளி இஞ்சு கணக்கில் மேலே போய் நடுங்கிக்கொண்டு இறங்குகிறது என்றால் டயர் மட்டும் மாற்றினால் போதாது. இன்னும் சொன்னால், நல்ல டயர் போட்ட பிறகு இது மோசமாகும், ஏனென்றால் பிடி கூடக் கூட எதிர்விசையும் கூடுகிறது.

இதற்கு டிராக்‌ஷன் பார். நிறைய வகை இருக்கிறது. பழைய ஸ்லாப்பர் பார், ஆக்சிலில் இறுக்கிய ஒரு நீட்டல், முனையில் ரப்பர், ஆக்சில் திரும்பும்போது ரப்பர் பட்டையின் முன்கண்ணில் முட்டி நிறுத்தும். மலிவு, ஆனால் முட்டும் வரை ஆக்சில் திரும்பிவிடுகிறது. டீசல் டிரக்குகளில் பார்க்கும் நீளமான பார் ஆக்சிலிலிருந்து சேஸுக்குப் போகும், திரும்புவதைத் தடுக்கும், பாரம் இழுக்க அருமை, டிராக் கிளம்பலுக்கு என்று செய்தது இல்லை. நான் உங்களுக்குச் சொல்வது கால்ட்ராக்ஸ் வகை. அதில் ஆக்சிலிலிருந்து ஒரு தண்டு முன்னால் போய், பட்டையின் முன்கண்ணில் தொங்கும் முக்கோணத் தகட்டைத் தள்ளுகிறது. அந்தத் தகடு திரும்பி, தன் மேல்முனையால் பட்டையின் முன்பாதியைக் கீழே அழுத்துகிறது. ஆக்சிலைச் சுழற்றப் பார்த்த விசையே இப்படி டயரைத் தரையில் அழுத்தும் விசையாக மாறுகிறது. வாங்கும்போது ஃப்ளிப் கிட் போட்ட வண்டி என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கம்பெனியிலிருந்து வந்தபோது உங்கள் பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தது, இப்போது கீழே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே பிராக்கெட் பொருந்தாது.

பார் போடும்போது பினியன் கோணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது மூக்கு மேலே ஏறும் என்பதால், நிற்கும்போது புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ்நோக்கி வைக்கிறோம், விசை வந்ததும் நேராக வரட்டும் என்று. வெறும் பட்டை என்றால் பொதுவாக 5, 6 டிகிரி வரை வைப்பார்கள், நல்ல பார் இருந்தால் 2, 3 போதும். டிஜிட்டல் கோணமானி மலிவாகவே கிடைக்கிறது. வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தின் மேல் நிற்கும்போது அளக்க வேண்டும், ஜாக்கியில் ஆக்சில் தொங்கும்போது அளந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. மாற்ற வேண்டியிருந்தால் பட்டைக்கும் ஆக்சில் மேடைக்கும் நடுவே எஃகு ஆப்பு வைத்து யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டு இறுக்குங்கள். அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவும் கூடாது.

பின்பக்கம் நன்றாக உட்கார்ந்தால் நல்ல பிடி என்று ஒரு நம்பிக்கை டிரக் ஓட்டுபவர்களிடம் ரொம்பவே ஆழமாக இருக்கிறது. படத்தில் பெட் தரையைத் தொடுவது போல இறங்கி மூக்கு வானத்தைப் பார்த்தால் ஆஹா என்கிறார்கள். மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள், எடை மாற்றத்தில் பின்பக்கம் எவ்வளவு இறங்கியது என்பதற்கு இடமே இல்லை. இறங்குவது என்பது ஸ்பிரிங் அமுங்குவது, அவ்வளவுதான். அது அமுங்கும் நேரத்தில் டயருக்கு வர வேண்டிய அழுத்தம் தாமதமாகிறது. நன்றாகக் கிளம்பும் பட்டை வண்டியைப் பக்கத்திலிருந்து பாருங்கள், பெட் இறங்காது, கொஞ்சம் மேலேகூட எழும்பும், டயரின் பக்கச்சுவர் சுருங்கும். உங்கள் வண்டிக்கு இது இன்னும் முக்கியம், தாழ்த்திய வண்டியில் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே இடம் ரொம்பக் குறைவு. பெட் இறங்கி பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் சேஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) அடித்ததும் ஒரு கணம் டயர் மேல் பெரிய பாரம் விழுகிறது, அடுத்த கணம் எகிறி பாரம் போய்விடுகிறது, அங்கேதான் சுழல ஆரம்பிக்கும். பம்ப் ஸ்டாப்பில் கிரீஸ் தடவிவிட்டு ஒரு ஓட்டம் எடுங்கள். கிரீஸ் நசுங்கியிருந்தால் அடிக்கிறது. சேஸில் சி வடிவ வெட்டு போட்டு உயரமான துண்டு வைக்கவில்லை என்றால் அதைச் செய்துவிடுங்கள், அந்த வேலை நல்ல வெல்டரிடம்தான் போக வேண்டும்.

ஷாக் அப்சார்பரில் நிறையப் பணம் போடுவதற்கு முன் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் அமுங்குவதற்குக் கொஞ்சம் கடினமாகவும், முன்னால் நீள்வதற்கு லேசாகவும் இருக்க வேண்டும், அப்போது மூக்கு தயங்காமல் எழும். இரண்டு பக்கமும் திருகி மாற்றக்கூடிய வகை கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், வீட்டுக்குத் திரும்பும்போது பழைய நிலைக்குத் திருகிக்கொள்ளலாம்.

டிஃபரன்ஷியல். உங்கள் வண்டியில் ஜி80 என்ற குறியீடு இருந்தால் உள்ளே இருப்பது தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர். இரண்டு சக்கரத்தின் வேகமும் ஏறக்குறைய 100 ஆர்பிஎம் வித்தியாசப்பட்ட பிறகுதான் அது பூட்டும். சேற்றில் மாட்டிய வண்டிக்கு அது போதும். டிராக்கில் அதற்கு அர்த்தம் என்னவென்றால், ஒரு டயர் ஏற்கனவே சுழன்ற பிறகு, முழு ஆக்சிலேட்டரில், பல் படாரென்று கோர்க்கிறது. ஒட்டும் டயரோடு அந்த அதிர்ச்சியை அது நெடுநாள் தாங்காது, உடைந்தால் துண்டுகள் கியரையும் கூட்டையும் சேர்த்துக் கெடுக்கும். வேலைக்கும் ஓட்டும் வண்டிக்கு ஹெலிக்கல் கியர் வகை, ட்ரூட்ராக் போன்றது, என் தேர்வு. சத்தமில்லை, தேயும் பிளேட் இல்லை, ஆரம்பத்திலிருந்தே இரண்டு பக்கமும் பகிர்ந்து கொடுக்கும். ஸ்பூல் (இரண்டு சக்கரத்தையும் நிரந்தரமாகப் பூட்டிவிடுவது) வேண்டாம், தெருவில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயரையும் ஆக்சிலையும் முறுக்கும். உங்கள் ஆக்சில் 8.6 இஞ்ச் 10 போல்ட், 30 ஸ்ப்ளைன். இந்த எடைக்கும் இந்த எஞ்சினுக்கும் நல்ல டயரோடு அதன் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், டர்போ நினைப்பு இருந்தால் இப்போதே 9.5 இஞ்ச் 14 போல்ட் ஆக்சிலைத் தேடுவது மேல்.

வலது பின்சக்கரம்தான் முதலில் சுழல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது இயல்பு. புரொப்பெல்லர் ஷாஃப்டின் முறுக்கு ஆக்சிலின் வலது முனையைத் தூக்கப் பார்க்கிறது. அதே முறுக்கு எதிர்ப்பக்கமாக பாடியை வலது பக்கம் சாய்க்கிறது. அந்தச் சாய்வை முழுக்க முழுக்கப் பின்பக்க ஸ்பிரிங்கே தாங்கினால் இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துச் சமமாகிவிடும், இரண்டு பின்டயரிலும் ஒரே பாரம். ஆனால் முன்பக்க ஸ்வே பார் (வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் கம்பி) அந்தச் சாய்வில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது, அந்தப் பங்கு வலது பின்டயருக்கு வராமல் போகிறது. அதனால் டிராக்கில் முன் ஸ்வே பாரின் ஒரு பக்க லிங்கைக் கழற்றிவிடுங்கள், இரண்டு நட்டு வேலை, காசு இல்லை, மூக்கும் எளிதாக எழும். வீட்டுக்குக் கிளம்பும் முன் மாட்டாமல் வண்டியை ரோட்டில் ஏற்றாதீர்கள், திடீரென்று ஒரு பக்கம் திருப்ப வேண்டி வந்தால் வண்டி பயங்கரமாகச் சாயும். அப்புறம் பணம் இருந்தால் பின்னால் ஒரு கனமான ஆன்ட்டி ரோல் பார்.

இப்போது எஞ்சின் பக்கம். உங்கள் 6.0 கீழே 540 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைப்போம். 4எல்60இ முதல் கியர் 3.06, பின்னால் 3.73, 28 இஞ்ச் டயர். நட்டம் போகவே தரையில் சுமார் 1,500 கிலோ விசை வரும், கிளம்பும் கணத்தில் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் திரவ இணைப்பு) அதை ஒன்றரை மடங்குக்கும் மேல் பெருக்கும். ரோட்டு டயர் வாங்கக்கூடியது 1,100 கிலோ. நல்ல ரேடியலும் 1,750தான். ஆகவே எந்த டயர் போட்டாலும் முதல் இரண்டு நொடிக்கு விசையைக் குறைத்துக் கொடுக்கும் வழி ஒன்று தேவை. டியூன் செய்பவரிடம் சொல்லி முதல் கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் இக்னிஷன் டைமிங்கைச் சில டிகிரி பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆர்பிஎம் ஏற்றுவதிலும் நிதானம் வேண்டும். ரோட்டு டயரில் 1,500க்கு மேல் போகாதீர்கள், கிளம்பியதும் காலை ஒரேயடியாக அமுக்காமல் வண்டி நகர்ந்த பிறகு முழுக்க அமுக்குங்கள். ரேடியலில் ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம்.

கியர்பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பிடி கிடைத்த பிறகு 4எல்60இ உள்ளே சன் ஷெல் என்ற பாகம் உடைவது இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த கதை. இதுவரை டயர் சுழன்று அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, இனி அந்த அடி உள்ளே போகும். 4எல்80இ கியர்பாக்ஸ் மாற்றினால் பலமும் கிடைக்கும், அதன் முதல் கியர் 2.48 என்பதால் தரைக்கு வரும் விசையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும், சுழலும் வண்டிக்கு அது நன்மையே. கொஞ்சம் எடை கூடும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டிவரும்.

டிராக்கும் பாதி வேலை செய்கிறது. கிளம்பும் கோட்டிலிருந்து முதல் சில நூறு அடிக்கு பிசின் அடித்து ரப்பர் பதித்திருப்பார்கள், அதிலும் கான்கிரீட் மேல் பதித்தது தாரைவிட ஒரே மாதிரி இருக்கும். டெக்சாஸில் எனிஸ் ஊரில் 1986ல் திறந்த மோட்டார்பிளெக்ஸ் கால் மைல் முழுவதும் கான்கிரீட், அப்படிப்பட்ட இடத்தில் எடுத்த எண்ணை உங்கள் ஊர் பழைய தார் டிராக்கோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். மற்றவர்களின் டயர் கறுப்பாகப் பதிந்த தடத்துக்குள்ளேயே உங்கள் பின்டயர் இரண்டும் நிற்க வேண்டும், ஒரு அடி விலகினாலும் வேறு தரை. பிக்கப்பின் பின்தடம் காரைவிட அகலம் என்பதால் இதில் இன்னும் கவனம் தேவை. கதவைத் திறந்து குனிந்து பார்த்துச் சரிசெய்துகொள்ள வெட்கப்படாதீர்கள். தயவுசெய்து இதையெல்லாம் தெருவில் சோதிக்க வேண்டாம். தூசி படிந்த தாரில் கிடைக்கும் தகவல் எதற்கும் உதவாது, பக்கத்தில் போகிறவர் உயிருக்கும் ஆபத்து. யாரும் வந்து சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் அண்ட் டியூன் இரவு பெரும்பாலான டிராக்குகளில் நடக்கிறது, நுழைவுக் கட்டணமும் பெரிதில்லை.

பிடி கூடினால் உடையும் பொருளும் மாறும் என்பதால் பாதுகாப்பை இப்போதே பார்த்துவிடுங்கள். என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் சங்கம்) விதிப்படி 13.99 நொடி அல்லது அதைவிட வேகமாக ஓடினால் ஸ்னெல் தரச்சான்று பெற்ற ஹெல்மெட் கட்டாயம், ஸ்லிக்கில் அதே நேரம் ஓடினால் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு லூப் கட்டாயம். நீங்கள் ரேடியலில் ஓடினாலும் லூப் போடுங்கள் என்றே சொல்வேன். முன் யூ ஜாயின்ட் உடைந்து ஷாஃப்ட் தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும், அதைத் தடுப்பது ஓர் எஃகு வளையம். முன் ஜாயின்ட்டிலிருந்து ஆறு இஞ்சுக்குள் வர வேண்டும்.

அடுத்த முறை போகும்போது முன் ஸ்வே பார் லிங்கைக் கழற்றிவிட்டு, கேமராவை அடியில் கட்டி, இருக்கிற டயரிலேயே காற்றை 28 பவுண்டுக்கு இறக்கி மூன்று ஓட்டம் எடுங்கள். 60 அடி நேரம் மூன்று, எடை நிற்கும்போது அளந்த பினியன் கோணம், பம்ப் ஸ்டாப் கிரீஸ் நசுங்கியதா இல்லையா, ஜி80 இருக்கிறதா என்று க்ளவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் பார்த்தது, இந்த நான்கையும் எழுதுங்கள். எந்த பார், எந்த அளவு டயர் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.